இருவருக்கு ஒரு பைனாகுலர்: மட்டக்களப்பில் பறவை பார்க்கத் தொடங்கும் தம்பதியருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ குடியிருக்கும் கணவனும் மனைவியும், ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு கழிக்கும் விடுமுறைக் காலைகளுக்குப் பதிலாகச் சேர்ந்து செய்யக்கூடிய பொழுதுபோக்கு ஒன்றைத் தேடினால், பறவை பார்ப்பதையே முதலில் பரிந்துரைப்பேன். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவி வாசலிலேயே கிடக்கிறது. அதன் ஒரு கரையில் கடலோர ஊர்களும் மறு கரையில் வயல்களும் குளங்களும் உள்ளன. பறவைகளை அடையாளம் காணத் தேவையான கருவிகளில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனைக் கேட்பதற்காகக் கல்லடிப் பாலத்தில் இரவிரவாகக் காத்திருந்து வெறுங்காதோடு திரும்பியவர்கள் பலர் உண்டு. ஆனால், அதே பாலத்துக்குக் காலையில் போனவர் பறவை காணாமல் திரும்பியதில்லை.

கைத்தொலைபேசியை எடுக்கும் முன்னர்

முதல் வாரத்தில் எந்தச் செயலியையும் பதிவிறக்க வேண்டாம். காலையில் வீட்டு வளவிலோ முற்றத்திலோ அரை மணி நேரம் இருந்து, உங்களுக்குப் பெயர் தெரிந்த பறவைகளை இருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். பேசிக்கொள்ளாமல் எழுதுவது முக்கியம். காகம், மைனா, புலுனி, செண்பகம், குயில், கிளி, கரிக்குருவி, மீன்கொத்தி, செம்பருந்து, கொக்கு என்று பத்துப் பெயர்களாவது எவருக்கும் வரும். பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒருவர் கண்ணால் கண்டவற்றையே எழுதியிருப்பதும் மற்றவர் மரத்துக்குள் மறைந்திருந்து கத்தியவற்றையும் சேர்த்திருப்பதும் பெரும்பாலும் தெரியவரும். உங்கள் இருவரில் யாருக்குக் கண் கூர்மை, யாருக்குக் காது கூர்மை என்பதை இந்தப் பயிற்சி காட்டிவிடும். பின்னர் வேலையைப் பிரித்துக்கொள்ள அது உதவும்.

அடுத்ததாக அந்தப் பட்டியலில் உள்ள ‘கொக்கு’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வயல்களிலும் வாவிக்கரையிலும் நிற்கும் வெள்ளைக் கொக்குகள் ஒரே இனம் அல்ல. உழவு இயந்திரத்தின் பின்னாலும் மாடுகளின் காலடியிலும் நடந்து பூச்சி பொறுக்குவது உண்ணிக்கொக்கு. அதன் அலகு மஞ்சளாகவும் கட்டையாகவும் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாக மாறும். ஆழம் குறைந்த நீரில் காலைக் கிளறி மீனை வெருட்டிப் பிடிப்பது சின்னக்கொக்கு. அதற்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பெரிய கொக்கின் கழுத்தில் ஒடிந்தது போன்ற வளைவொன்று தெரியும். அதன் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னே செல்லும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் நிற்பது நடுத்தரக் கொக்கு. அதன் வாய்க்கோடு கண்ணுக்குக் கீழேயே முடிந்துவிடும். வரம்போரத்தில் மண்ணிறமாகக் குந்தியிருந்து, பறக்கும்போது மட்டும் வெள்ளைச் சிறகு காட்டுவது மடையான்.

ஐந்தையும் பிரித்தறிய இரண்டு மூன்று வாரங்கள் எடுத்தாலும் பரவாயில்லை. அலகின் நிறம், காலின் நிறம், கழுத்தின் வடிவம், உணவு தேடும் முறை ஆகிய நான்கையும் கவனிக்கும் பழக்கம் கொக்கில் வந்துவிட்டால், மற்றப் பறவைகளை அடையாளம் காண்பதற்கும் அதுவே போதும். கொக்குகள் பெரியவை, வெளியாக நிற்பவை, அவசரப்பட்டுப் பறக்காதவை. தொடக்கக்காரருக்கு இவற்றைப் போலப் பொறுமையான பறவைகள் கிடையா. சிறு குருவிகளோடு தொடங்குபவர்கள்தான் சலித்துப்போய்க் கைவிடுகிறார்கள்.

ஒருவர் பார்ப்பவர், ஒருவர் எழுதுபவர்

தம்பதியர் சேர்ந்து பறவை பார்க்கும்போது நான் வலியுறுத்தும் ஒழுங்கு இது ஒன்றே. இருவரும் ஒரே வேலையைச் செய்தால், பறவை பறந்துபோன பின்னர் அது என்னவென்ற வாக்குவாதம் மட்டுமே மிஞ்சும். ஒருவர் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு காண்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: காகத்தை விடப் பெரிதா சிறிதா, அலகு நேரானதா வளைந்ததா, கண்ணுக்கு மேலே கோடு உண்டா, வாலை ஆட்டுகிறதா, நீரிலா மரத்திலா மின்கம்பியிலா இருக்கிறது என்பன போன்றவற்றை. மற்றவர் அதைச் சொன்னபடியே கொப்பியில் எழுத வேண்டும். பெயரை ஊகித்து எழுதக் கூடாது. பறவை பறந்த பின்பே தொலைபேசியைத் திறக்கலாம். திரையில் உள்ள படத்தை முதலில் பார்த்துவிட்டால், காணாத கோடும் புள்ளியும் கண்டதாகவே மனம் சொல்லத் தொடங்கிவிடும்.

அரை மணிக்கு ஒரு தடவை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். முடிவில் இருவரும் ஒத்துக்கொள்ளாத பறவையைப் ‘பெயர் தெரியாத உள்ளான்’ என்றோ ‘பெயர் தெரியாத பருந்து’ என்றோ எழுதிவிட்டு நகர்வது நல்லது. அனுபவம் மிக்கவர்களின் கொப்பிகளிலும் அப்படிப்பட்ட வரிகள் ஏராளமாக இருக்கும்.

இணையத்தில் எவற்றைத் தேடிப் பிடிப்பது

இரண்டாம் வாரத்தில் மெர்லின் என்ற இலவசச் செயலியைப் பதிவிறக்கலாம். அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பறவையியல் ஆய்வகம் அதை நடத்துகிறது. செயலியை நிறுவிய பிறகு இலங்கைப் பறவைகளை உள்ளடக்கிய தொகுப்பைத் தனியாகப் பதிவிறக்க வேண்டும். அது பெரிய கோப்பு என்பதால் வைஃபை கிடைக்கும் இடத்தில் வைத்துச் செய்யுங்கள். ஒருமுறை இறக்கிவிட்டால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் உட்புறங்களில் சிக்னல் அறுந்துபோனாலும் அது வேலை செய்யும். எங்கே, எப்போது, எவ்வளவு பெரியது, என்னென்ன நிறங்கள், என்ன செய்துகொண்டிருந்தது என்று செயலி கேட்கும் ஐந்து கேள்விகளுக்கும் விடை, எழுதுபவரின் கொப்பியில் ஏற்கெனவே இருக்கும். விடைகளைக் கொடுத்தால் பொருந்தக்கூடிய பறவைகளின் படங்கள் வரிசையாக வரும். தெரிவு செய்வது உங்கள் வேலை.

2021ஆம் ஆண்டு மெர்லினில் சேர்க்கப்பட்ட ஒலி அடையாள வசதி பலரையும் கவர்வது. தொலைபேசியை நீட்டிப் பிடித்தால், கேட்கும் குரல்களுக்குரிய பெயர்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டும். ஆனால், கல்லடிக் கடற்கரைப் பக்கத்துக் காற்றிலும், பாலத்து வாகன இரைச்சலிலும், கோயில் ஒலிபெருக்கி முழங்கும் நேரத்திலும் அதை நம்ப வேண்டாம். எல்லாப் பறவைகளின் குரலும் அதற்குத் தெரியாது; ஒரு பறவை மற்றொன்றைப் போலக் கூவுவதும் உண்டு. செயலி சொன்ன பெயரைப் ‘பார்க்க வேண்டியது’ என்று கொப்பியில் குறித்து, கண்ணால் கண்ட பின்னரே பட்டியலில் சேர்ப்பது நேர்மையான முறை. காது கூர்மையானவர், வீட்டுக்கு வந்து செனோ-கான்ரோ என்ற தளத்தில் அதே பறவையின் வெவ்வேறு ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒப்பிடலாம். உலகம் முழுவதும் உள்ள ஆர்வலர்கள் 2005ஆம் ஆண்டு முதல் தங்கள் ஒலிப்பதிவுகளை அங்கே சேர்த்து வருகிறார்கள். அந்த ஒலிகளை வெளியிலே சத்தமாகப் போட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது, கூடு கட்டும் காலத்தில் ஒருபோதும் கூடாது. தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதாக எண்ணி அது கூட்டை விட்டு அலையும்.

தமிழ்ப் பெயரை அறிய ஓர் எளிய வழி உண்டு. மெர்லின் காட்டும் அறிவியற்பெயரை அப்படியே தமிழ் விக்கிப்பீடியாவின் தேடலில் இடுங்கள். பெரும்பாலான நீர்ப்பறவைகளுக்கு அங்கே கட்டுரை உண்டு. வீட்டில் வயதான அம்மாவோ மாமாவோ இருந்தால் படத்தைக் காட்டி அவர்களையும் கேளுங்கள். ஊரில் வழங்கும் பெயரைக் கொப்பியின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது கருவி ஈபேர்ட். 2002ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தத் தளத்தில், எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்து எவற்றைக் கண்டீர்கள் என்று பட்டியல் இடலாம். தம்பதியர் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: ஒன்றாகப் போய்வந்த காலைக்கு இருவரும் இரண்டு பட்டியல்களை அனுப்பினால், அதே பறவைகள் இரட்டிப்பாகக் கணக்கில் ஏறிவிடும். ஒருவரே பட்டியலை இட்டு, பார்வையாளர் எண்ணிக்கை 2 என்று குறித்து, அதைப் பகிரும் வசதியின் மூலம் மற்றவருடைய கணக்குக்கு அனுப்ப வேண்டும். அதன் பின்னர், இருவரில் ஒருவர் மட்டும் கண்ட பறவையை மற்றவர் தம் பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா என்று தளம் கேட்கும். காகத்தையும் மைனாவையும் அற்பமென்று விட்டுவிடாமல் எழுதியிருந்தால்தான் ஆம் என்று சொல்லலாம். வீட்டு வளவில் கண்டவற்றைப் பதியும்போது, வரைபடத்தில் உங்கள் வீட்டின் மேலேயே குறியிடாமல் அருகிலுள்ள சந்தியில் இடுவது பாதுகாப்பானது. ஏனெனில் இப்பட்டியல்களை எவரும் பார்க்கலாம்.

பைனாகுலர்

செலவு செய்ய வேண்டிய பொருள் இது ஒன்றுதான். 8×42 என்றோ 8×32 என்றோ பொறிக்கப்பட்டதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாம் எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கும். பத்து மடங்கு எட்டை விட மேலானது என்று கடைக்காரர் சொல்வார். ஆனால், உருவம் பெரிதாகும்போது கை நடுக்கமும் பெரிதாகிறது, பார்வைப்பரப்பும் பொதுவாகச் சுருங்குகிறது. உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையையும், சிவப்பாக மின்னும் வில்லை கொண்ட மலிவான வகையையும் தவிருங்கள்.

இருவருக்கு ஒரு பைனாகுலர் போதும் என்றாலும், அதை ஒவ்வொருவர் கண்ணுக்கும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். முதலில் நடு மடிப்பை அசைத்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகத் தெரியும் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். வலக்கண்ணை மூடிக்கொண்டு, தொலைவிலுள்ள பெயர்ப்பலகை ஒன்று இடக்கண்ணுக்குத் தெளிவாகும்வரை நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள வளையத்தைத் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தைக் கொப்பியின் முதற்பக்கத்தில் இருவருக்கும் தனித்தனியாகக் குறித்துவைத்தால், கைமாற்றும் ஒவ்வொரு முறையும் தடுமாற வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்குவளையை உள்ளே இறக்கியும், அணியாதவர் வெளியே இழுத்தும் பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல், வாங்கிய பைனாகுலர் கறுப்பு வளையம் காட்டுகிறது என்று குறைப்படுகிறார்கள்.

கமரா வாங்கும் எண்ணத்தை ஒரு பெரும்போகம் (மழைக்கால நெற்செய்கை) முடியும்வரை தள்ளிவையுங்கள். கமரா கைக்கு வந்த நாளிலிருந்து அதைப் பிடித்திருப்பவர் பறவையைப் பார்ப்பதை விட்டுப் படத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவார். மற்றவர் தேநீர்ப் பிளாஸ்கோடு காத்து நிற்பார்.

எங்கே நிற்பது, எந்த நேரம்

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான். நம் வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பதால் இதற்குக் கணக்கே தேவையில்லை: காலையில் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும், மாலையில் படுவான்கரையில் நின்று கிழக்கே பார்க்க வேண்டும்.

காலைக்கு ஏற்ற முதல் இடம் கல்லடி. 1924ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பழைய பாலம், அருகே புதிய பாலம் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின்னர் பார வாகனங்களின் நெருக்கடியிலிருந்து விடுபட்டுவிட்டதால், ஓரமாக நின்று பார்க்க முடியும். மீன்பிடித் தடிகளில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகங்களையும், தலை வெள்ளையும் உடல் செங்கபிலமுமான செம்பருந்தையும், வெளிநாட்டிலிருந்து வந்து நீர்ப்பரப்பை ஒட்டித் தாழப் பறக்கும் மீசை ஆலாக்களையும் அங்கே எதிர்பார்க்கலாம். அதன் பின்னர் பாலமீன்மடுவுக்குப் போகலாம்; 1913ஆம் ஆண்டில் எழுந்த வெளிச்சவீட்டைச் சுற்றிக் கண்டற்காடும் முகத்துவாரமும் அருகருகே இருப்பதால், மீன்கொத்திகளையும் கடற்கரைப் பறவைகளையும் ஒரே காலையில் காண முடியும். மீன்கொத்தியிலும் மூன்று வகைகளைப் பிரித்துப் பாருங்கள்: மார்பு வெளுத்து முதுகு நீலமான வெண்மார்பு மீன்கொத்தி, சிட்டுக்குருவியிலும் சற்றே பெரிய சிறால் மீன்கொத்தி, நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி.

மாலையில் மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போங்கள். வயலோர மின்கம்பிகளில் பஞ்சுருட்டானும் பனங்காடையும், தண்ணீர் கட்டிய வயலில் நத்தைகுத்தி நாரையும், சிவந்த நீண்ட காலில் நடக்கும் நெடுங்கால் உள்ளானும், எவரைக் கண்டாலும் ஊரைக் கூட்டும் ஆட்காட்டியும் இருக்கும். வரம்பில் நடக்க வேண்டுமானால் வயற்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புதிதாக மண் வைத்த வரம்பு மிதித்தால் சரிந்துவிடும். கேட்டு நடப்பவருக்கு வாடியில் தேநீரும் கிடைக்கும், எந்தப் பறவை எந்தப் பக்கம் இறங்கியது என்ற செய்தியும் கிடைக்கும்.

மாதக் கணக்கு இப்படி. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிச் செல்கின்றன. வடகீழ்ப் பருவமழை அதே காலத்தில்தான் ஓங்குவதால், நவம்பரிலும் டிசம்பரிலும் வாவி நிரம்பிக் கரையோரச் சேறு மூழ்கிவிடும். நடக்கவும் இடமிருக்காது, உள்ளான்கள் மேயவும் இடமிருக்காது. மழை குறைந்து நீர் வற்றும் பெப்ரவரி, மார்ச் மாதங்களே புதியவர்களுக்குச் சிறந்தவை. வெள்ளாமை வெட்டும் காலமும் அதுவே. வெட்டு இயந்திரத்தின் பின்னால் கொக்குக் கூட்டம் தொடரும்.

கவனிக்க வேண்டியவை சில. இராணுவ, பொலிஸ் நிலையங்களின் பக்கம் பைனாகுலரைத் திருப்பாதீர்கள். வாவியிலும் குளங்களிலும் முதலைகள் உண்டு. கண்டற்காட்டு ஓரத்தில் நீருக்குள் கால் வைக்க வேண்டாம். உன்னிச்சைக் குளம் போன்ற உட்பகுதிகளில் யானைகள் நடமாடுவதால், விடிவதற்கு முன்னும் பொழுதுபட்ட பின்னும் அப்பக்கம் போகாமல், போகும் பாதையைப் பற்றி ஊராரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். கூட்டைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், அதன் இடத்தைச் சமூக ஊடகங்களில் போடாதீர்கள்.

வாவிக்கு அப்பால்

ஐம்பது இனங்களை இருவரும் சந்தேகமின்றிச் சொல்லக்கூடிய நிலை வந்த பிறகு அம்பாறை மாவட்டத்தின் தென்பகுதிக்குப் பயணம் வையுங்கள். அதற்கு முன்னர் போனால், பெயர் தெரியாத கூட்டத்தின் நடுவே நின்று களைத்துத் திரும்ப நேரிடும். கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவிலுக்கு பஸ்ஸில் போய், ஓர் இரவு தங்கி, அங்கிருந்து பாணமை, ஒகந்தை வழியாகக் குமண தேசியப் பூங்காவுக்கு ஜீப் அமர்த்திச் செல்லலாம். கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன் முதலியவை கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் குமண வில்லு என்ற நீர்நிலை, மட்டக்களப்பு வாவியில் தனியாகவும் இரண்டிரண்டாகவும் கண்ட பறவைகளைக் குடியிருப்பாகக் காட்டும். கதிர்காமப் பாதயாத்திரை காலத்தில் ஒகந்தை முருகன் கோயிலடியில் அடியார்கள் பெருந்திரளாகக் கூடுவார்கள். பறவைக்காக மட்டும் போவோர் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. உள்ளூர்ப் படகோட்டிகளோடு பொத்துவில் களப்புக்குள் போகும் பயணத்தை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஜீப்பில் குலுங்கிய உடம்புக்கு அது இதமாகவும் இருக்கும்.

இதற்கிடையில் ஜனவரி வந்தால் மற்றொரு வாய்ப்பு உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடந்து வருகிறது. இலங்கையில் பறவையியலோடு நெடுங்காலத் தொடர்புடைய அமைப்புகளாக, 1943ஆம் ஆண்டில் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப்பும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976ஆம் ஆண்டு உருவான இலங்கைக் களப் பறவையியல் குழுவும் உள்ளன. நவம்பர் மாதமளவில் இவற்றுக்கு எழுதி, உங்கள் பகுதியில் எண்ணுபவர்களோடு சேர்ந்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். உள்ளான் கூட்டத்தைக் கண்ணை எடுக்காமல் எண்ணிக்கொண்டிருப்பவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் சொல்லும் பெயரையும் தொகையையும் பிழையின்றிக் குறித்துக்கொடுக்கும் ஒருவர் எப்போதும் தேவைப்படுவார். அந்த வேலையை உங்கள் இருவரில் எவராலும் செய்ய முடியும்.